இடது பெட்டியின் தவில்

பழைய இரும்பு வண்டிக்காரர் ஸ்பீக்கர் பெட்டியைக் கையில் வாங்கி, கனம் பார்ப்பதற்காக ஒரு பக்கமாகச் சாய்த்தார். உள்ளே எதுவோ ‘லொடக்’ என்று நகர்ந்து பலகையில் இடித்தது. வாசல்படியில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தத்தில்தான் யோசனை வந்தது. உள்ளே ஒரு பாகம் கழன்று கிடக்கிறது, அவ்வளவுதான். எரிந்துபோயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கழன்றதைத் திரும்ப மாட்டிவிடலாம். ஒரு திருப்புளி, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு சாயங்காலம். போதும்.

“அண்ணே, அதைக் கீழ வைங்க.”

“ஏம்மா, இப்பதான அப்பா எடுத்துக் குடுத்தாங்க?”

“அப்பா குடுத்தாங்க. நான் குடுக்கலை.”

அப்பா இரண்டாவது பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வண்டியின் மேலிருந்த குழாய் ஒலிபெருக்கி, பழைய இரும்பு பழைய பேப்பர் பழைய பிளாஸ்டிக் என்று பதிவு செய்த குரலில் கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் போய் அவர் தோளிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

“உள்ள ஏதோ கழண்டுருக்குப்பா. நான் பாத்துடுறேன்.”

“பாத்துடுவா,” என்றாள் அம்மா உள்ளிருந்து. “போன வருஷம் மிக்சியைப் பாத்தா. இன்னமும் பாத்துக்கிட்டேதான் இருக்கா. எனக்கு அம்மியில அரைச்சு அரைச்சு தோள்பட்டை கழண்டுருக்கு, அதை எப்பப் பாக்கப் போறான்னு தெரியலை.”

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். “அப்ப அந்த மிக்சியையும் எடுத்தாங்கக்கா, போட்டுடலாம்.”

“அதெல்லாம் அவ பட்டணத்துக்குப் போறப்போ சீரா குடுத்தனுப்பப் போறேன்.”

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருவீங்கல்ல? அப்ப வந்து எடுத்துக்குங்க,” என்றார் வண்டிக்காரரிடம். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

ஆக, எனக்குக் கிடைத்தது மூன்று நாள்.

அந்தப் பெட்டிகள் போனால் வீட்டில் என்ன குறைந்துவிடும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சீர்காழியில், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் அப்பா வாங்கிய பழைய ஸ்டீரியோ செட் அது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அப்பா தனக்கென்று ஆசைப்பட்டு ஒரு பொருள் வாங்கியது அதுவரை கிடையாது, அதற்குப் பிறகும் கிடையாது. சாயங்காலம் வயலிலிருந்து வந்து, பம்படியில் கால் கழுவிக்கொண்டு, கூடத்தில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். ஒரு மணி நேரம் நாயனம் ஓடும். பாட்டுக் கேட்கிற வீடுகளில் சினிமாப் பாட்டு கேட்பார்கள், எங்கள் வீட்டில் நாதஸ்வரமும் தவிலும்தான். அதிலும் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி ஒன்று. யாரோ நல்ல மைக் வைத்துப் பதிந்தது. வலது பெட்டியில் நாயனம் நிற்கும், இடது பெட்டியில் தவில் நிற்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் இருப்பார். திடீரென்று, “இப்ப மேல வீதி திரும்புது பாரு,” என்பார். “எப்படிப்பா தெரியுது?” என்றால், “தவிலு சொல்லுது,” என்பார். நான் தரையில், அவர் நாற்காலியின் இடது கைப்பிடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கல்லூரிக்குப் போன நான்கு வருடங்களில் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. சண்டையெல்லாம் இல்லை. என் படிப்பில் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை, அவருடைய வயலைக் கேட்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை. படிப்பு முடிந்து, வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்ன சென்னைக் கம்பெனி சேரும் தேதியைப் பிறகு தெரிவிக்கிறோம், பிறகு தெரிவிக்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த இந்த ஒரு வருடத்தில், நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்தது அந்த ஒரு மணி நேரம்தான். மாசி மாதத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. பெட்டியும் போய்விட்டால் அது திரும்பி வராது. எனக்கு இருந்த பயம் இதுதான்.

தை மாதம் அப்பா சொன்னார்: “பாப்பா, இடது பொட்டி சரியில்லை. தவிலு அடுத்த தெருவுல வாசிக்கிற மாதிரி இருக்கு.”

“இருங்கப்பா, பாக்கறேன்.”

மாசியில் இன்னொரு முறை சொன்னார். அப்போது எனக்குமே கேட்டது. தவிலில் கனத்த அடி விழும்போதெல்லாம் இடது பெட்டிக்குள் கடகடவென்று ஒரு சத்தம். “ஆமாப்பா, நானும் கேட்டேன். இருங்க, பாக்கறேன்,” என்றேன். அந்த வாரம் நான் வயலில் ஈரம் பார்க்கிற சென்சார் ஒன்று செய்துகொண்டிருந்தேன். அதை எலி கடித்துப் போட்டது. பிறகு ஓர் ஆன்லைன் படிப்பு. பிறகு வேறு ஏதோ. பங்குனியில் அப்பா செட்டைப் போடுவதையே விட்டுவிட்டார். வயலிலிருந்து வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே கொல்லைப்பக்கம் போய் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள், பதில் வராது. “நான் ஒருத்தி இந்த வீட்ல கத்திக்கிட்டே கிடக்கணும், யாரும் காதுல வாங்கக் கூடாது,” என்பாள். எங்கள் வீட்டில் அது புதிய வசனம் இல்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை.

பெட்டி கெட்டதற்குக் காரணம் நான்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சம்பா அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அறுப்பு மெஷின் சேற்றில் இறங்கி எப்படியோ அறுத்துக் கொட்டிவிட்டது. நெல்தான் ஈரம். கொள்முதல் நிலையத்தில் ஒரு கை நெல்லை அள்ளி ஈரம் பார்க்கிற கருவியில் போட்டு, உதட்டைப் பிதுக்கி, காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். எங்கே காயவைப்பது? களத்திலும் தண்ணீர், ரோட்டிலும் தண்ணீர். பாதி மூட்டைகளைக் களத்து மேட்டில் தார்ப்பாய் போட்டு மூடி, அப்பா அங்கேயே காவலுக்குப் படுத்தார். மீதியை வீட்டுக் கூடத்தில் அடுக்கினோம். கால் வைக்க இடமில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளை எங்கே வைப்பது என்று அம்மா கேட்டபோது, மூட்டை மேலேயே வைக்கலாம் என்று நான் சொன்னேன். ஸ்பீக்கரின் சின்னக் கூம்பு கேட்பவரின் காது மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு மூட்டை உயரம் கச்சிதமாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈர நெல் மூட்டைக்குள் கையை விட்டால் சுடும். எங்கள் ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். மூட்டை உள்ளுக்குள்ளேயே புழுங்கும், வியர்க்கும், கிளறாமல் விட்டால் முளைக்கும். பத்து மா நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்கிறவர் வீட்டில் பிறந்து எலக்ட்ரானிக்ஸ் படித்த நான், மரத்தூளை அழுத்திச் செய்த பெட்டிகள் இரண்டையும் பன்னிரண்டு நாள் அந்த ஆவியின் மேல் வைத்திருந்தேன்.

“ஏண்டி, இட்லிப் பானை மேல வச்ச மாதிரி வச்சிருக்கியே?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

“உயரம் முக்கியம்மா. உனக்குப் புரியாது.”

புதன்கிழமை காலையில் இடது பெட்டியைக் கூடத்தில் துணி விரித்துக் கவிழ்த்தேன். முன்பக்கத் துணிச் சட்டத்தை எடுத்தால் பெரிய கூம்பைச் சுற்றி எட்டுத் திருகாணிகள். ஆறு சுலபமாக வந்தன. இரண்டு, திருப்புளியே தேவையில்லாமல் விரலிலேயே வந்தன. கூம்பைத் தூக்கியதும் ஒரு வாடை. பெட்டிக்குள்ளிருந்து வயல் வாடை, ஊறவைத்த நெல்லின் புளித்த வாடை. உள்ளே அடைத்திருந்த பஞ்சு ஒரு மூலையில் கட்டியாகிக் கிடந்தது. பின்பக்கம் காற்றுப் போவதற்காக வைத்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்த நாலைந்து நெல் முளைவிட்டு, வெள்ளை நூல் மாதிரி நீண்டு, அப்படியே காய்ந்திருந்தன. பிறகு கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல்லில் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டதும் இதே மாதிரி முளைத்திருந்ததற்குத்தான். விரலால் தொட்டதும் உதிர்ந்தன.

கழன்ற பாகம் எதிரிலேயே தொங்கியது. கிராஸ்ஓவர் போர்டு என்பார்கள். உள்ளங்கை அளவுப் பலகை. கனத்த சத்தத்தைப் பெரிய கூம்புக்கும் மெல்லிய சத்தத்தைச் சின்னக் கூம்புக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதைப் பெட்டியின் அடியில் பசை வைத்து ஒட்டி, மேலே இரண்டு திருகாணி போட்டிருக்கிறார்கள். ஆவியில் பசை இளகிவிட்டது. திருகாணி இருந்த இடத்தில் பலகை, டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி உப்பி வாயைத் திறந்துகொண்டிருந்தது. போர்டு வயர்களில் ஊசலாடிக்கொண்டு, தவில் அடி விழும்போதெல்லாம் சுவரில் போய் முட்டியிருக்கிறது. முட்டி முட்டி, அதிலிருந்த செம்புக் கம்பிச் சுருளின் ஒரு கால் ஈயம் விட்டு நின்றது. தொட்டால் ஒட்டும், விட்டால் விலகும்.

எனக்குச் சந்தோஷம். வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை அதுதான். தவில் ஏன் அடுத்த தெருவுக்குப் போனது என்பதற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. கால் விலகும்போது சத்தம் குறையும், ஒட்டும்போது வரும். அப்பா சொன்னது சரி. நான் கண்டுபிடித்தது சரி.

ஈயத்தை உருக்கிப் பழைய பற்றைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். திருகாணி பிடிக்க மரம் இல்லையே, அதற்குத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, தச்சர்கள் போடுகிற வெள்ளைப் பசையில் தோய்த்து, உப்பின ஓட்டைகளுக்குள் நெருக்கமாகச் சொருகி, மேலே வெட்டிவிட்டேன். காய ஒரு நாள் வேண்டும்.

“துடைப்பத்தையும் பிரிச்சாச்சா?” என்றாள் அம்மா. “நல்லது. அடுத்தது என்னைப் பிரி.”

அப்பா வயலுக்குக் கிளம்பியவர் நின்று பார்த்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்தக் காய்ந்த முளைகளைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“இதுதாம்ப்பா. இந்தப் போர்டு கழண்டதாலதான் உங்களுக்குத் தவிலு கேக்கலை.”

“ம்.”

“நாளைக்குச் சாயங்காலம் கேக்கும் பாருங்க.”

“எதுக்கு வீணா மெனக்கெடுற?” என்றார். “வெள்ளிக்கிழமை வண்டி வருதுல்ல.”

அவர் குரலில் இருந்தது சலிப்பு என்று நினைத்தேன். எனக்கு அப்போது எல்லாமே பெட்டியாகத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை பசை கல்லாக இறுகியிருந்தது. போர்டை வைத்துத் திருகினேன். கடைசிச் சுற்றில் ஈர்க்குச்சி ‘கிறீச்’ என்று கடித்துப் பிடித்துக்கொண்டது. கூம்பை மாட்டி, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, வண்டிக்காரர் சாய்த்த மாதிரியே சாய்த்தேன். சத்தமில்லை. இன்னொரு பக்கம் சாய்த்தேன். சத்தமில்லை. குலுக்கினேன்.

“சாமி வந்துடுச்சா?” என்றாள் அம்மா.

ஆறு மணிக்கு இரண்டு பெட்டிகளையும் இடத்தில் வைத்து, வயர் கொடுத்து, நானே முதலில் கேட்டேன். கடகடப்பு அறவே இல்லை. தவில் முன்னைவிட இறுக்கமாக, தோல் வெடிக்கிற மாதிரி வந்தது. அப்பா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். மல்லாரியை முதலிலிருந்து போட்டேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினார். விரல் தொடையில் ஒருமுறை தட்டியது. நின்றுவிட்டது.

“நல்லாருக்கு,” என்றார்.

“தவிலு?”

“நல்லாருக்கும்மா.”

“தவிலு எங்கருந்து வருது, சொல்லுங்க.”

கண்ணைத் திறந்து இடது பெட்டியைப் பார்த்தார். பிறகு, “அங்கதான், அடுத்த தெருவுலதான்,” என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது. இரண்டாவது தடவை கேட்டால் உண்மை வந்துவிடும்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமாக, உற்சாகம் வந்தது. சரி, இன்னொரு பழுது இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துவிடலாம். கல்லூரி லேபில் எனக்கு நல்ல பெயர் இதற்குத்தான். “இருங்கப்பா, எழுந்திருக்காதீங்க,” என்றேன். முதலில் பெட்டிகளை இடம் மாற்றினேன். இடது பெட்டி வலது பக்கம், வலது பெட்டி இடது பக்கம். வயர்களை அந்தந்தப் பக்கத்திலேயே விட்டு, புதிதாக வந்த பெட்டிக்குக் கொடுத்தேன், அதனால் தவில் இப்போதும் இடப்பக்கத்திலிருந்துதான் வரும், ஆனால் பழுதே இல்லாத பெட்டியிலிருந்து.

“இப்ப?”

“அப்படியேதான் இருக்கு.”

பெட்டி இல்லை. அடுத்தது ஆம்ப்ளிபயர். அதன் முதுகில் இரண்டு வயர்களையும் மாற்றிச் சொருகினேன். இப்போது தவில் வலப்பக்கம் வந்துவிட்டது, நாயனம் இடப்பக்கம் போய்விட்டது.

“இப்ப தவிலு நல்லாக் கேக்குது,” என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. “பக்கத்துல நின்னு வாசிக்கிறான்.” அப்புறம் மெதுவாக, “நாயனந்தான் போயிடுச்சு.”

ஆம்ப்ளிபயரும் இல்லை. எது இடப்பக்கம் போனாலும் அது மங்குகிறது. அப்படியானால் அந்த மூலைதான். அங்கே விதைநெல் மூட்டை இருந்தது, சாக்கு சத்தத்தைக் குடிக்கும். மூட்டையை இழுத்து நகர்த்துவதற்குப் பதிலாக எனக்கு இன்னும் சுலபமான வழி தோன்றியது. நாற்காலியைத் திருப்பிவிட்டால் போதும். “எழுந்திருங்கப்பா, ஒரு நிமிஷம்,” என்று நாற்காலியைத் திருப்பி, அவரை வாசலைப் பார்த்து, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்தேன். பெட்டியைத் தொடவில்லை, வயரைத் தொடவில்லை. ஆள் மட்டும்தான் திரும்பியிருந்தார்.

“இப்ப எது கேக்குது, எது கேக்கலை?”

நாயனம் தாளத்தில் ஒரு சுற்று முழுக்க வாசித்து முடித்தது.

“நாயனம் கேக்குது,” என்றார். “தவிலு கேக்கலை.”

நான் கையில் வயர்த் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். மூலையும் இல்லை. எல்லாவற்றையும் கழித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். விடை வந்ததும் எனக்கு எப்போதும் வருகிற அந்தச் சின்னத் துள்ளல் ஒரு கணம் வந்தது, அந்தக் கணத்துக்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

“போதும் பாப்பா. அதை நிறுத்து,” என்றார் அப்பா வாசலைப் பார்த்தபடியே.

நிறுத்தினேன். அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் போய் நின்று, மெல்லிய குரலில், “அப்பா,” என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

“எப்பலேர்ந்து?”

“தையில களத்துல படுத்திருந்தேன்ல. காய்ச்சல் வந்துச்சே, அன்னிக்கிக் காலையில எழுந்தப்பவே ஒரு பக்கம் பஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி பூந்திருக்கும்னு இருந்துட்டேன். எண்ணெயில பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி ஊத்திப் பாத்தேன். முதல்ல எனக்கே பொட்டிதான் கெட்டுப்போச்சுன்னு தோணுச்சு. அதான் உங்கிட்டச் சொன்னேன். அப்புறம் போனை அந்தப் பக்கம் வச்சா அதுலயும் ஒண்ணும் வரலை.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லி?”

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு கிண்டலும் வரவில்லை. நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பொழுதைப் பார்த்ததில்லை.

“ஏங்க, அதான் நான் கூப்பிடறப்பல்லாம்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

“மாடு வாங்கப் பேச வர்றவன், நிலத்துக்காரன், தண்ணி முறை பேசறவன், எல்லார்கிட்டயும் வலது பக்கம் நின்னுக்கிட்டாப் போதும்,” என்றார் அப்பா. “சமாளிச்சுக்கிட்டுதான் இருக்கேன். இந்தப் பொட்டிகிட்டதான் சமாளிக்க முடியலை. அது இருந்தா நீ ஒருநாள் கண்டுபிடிச்சுடுவ. அதான் போட்டுடலாம்னேன்.”

“கண்டுபிடிச்சா என்னப்பா?”

“ஊர்ல ஒரு பேரு வப்பானுங்க.”

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் ஊரில் கதவு எண்ணை வைத்து யாரும் வீட்டைத் தேடுவதில்லை. நொண்டி வீடு, திக்குவாய் வீடு, ஒத்தக்கண்ணு வீடு என்றுதான் வழி கேட்பார்கள், வழி சொல்வார்கள். பெயருக்குரியவர் செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும், பேரனுடைய கல்யாணத்துக்கு வருகிறவர்களும் அதே பெயரைச் சொல்லித்தான் வந்து சேருவார்கள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால்தான் அது அழியாது.

“உன்னைப் பொண்ணு பாக்க வர்றவன், செவிட்டு வூடு எதுன்னு கேட்டுக்கிட்டு வரணுமா?” என்றார் அப்பா. கொஞ்சம் சிரிக்கக்கூட முயன்றார்.

நான் கொல்லைப்பக்கம் போய் கைபேசியை எடுத்துத் தேடினேன். எதையும் தேடிப் பார்த்துவிடுவது என் பழக்கம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் உடனே காட்ட வேண்டுமாம். நாள்கணக்கில் எண்ணியிருந்தார்கள், மாதக்கணக்கில் இல்லை. சீக்கிரம் போனவர்களில் சிலருக்குத் திரும்பியிருக்கிறது. தாமதமாகப் போனவர்களுக்கு என்ன என்று எழுதியிருந்த பத்தியை ஒருமுறை படித்தேன், இரண்டாவது முறை படிக்கவில்லை.

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் தையிலேயே சொன்னார். அவருக்குத் தெரிந்த வார்த்தையில், அவர் கேட்ட மாதிரியே, இடப்பக்கம் தவில் போய்விட்டது என்று சரியாகச் சொன்னார். அன்றைக்கே நான் ஒரு திருப்புளி எடுத்திருந்தால், அன்றைக்கே வயரை மாற்றி, நாற்காலியைத் திருப்பியிருந்தால், அந்த வாரமே தெரிந்திருக்கும். பெட்டியில் நிஜமாகவே ஒரு பாகம் கழன்றிருந்ததுதான் என்னை ஏமாற்றியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கழன்ற சத்தத்தைக் கேட்ட பிறகும் இரண்டு மாதம் நான் எழுந்து போகவில்லையே. மழைக்குப் பிறகு சில சாயங்காலங்கள் அவர் நாற்காலியின் இடப்பக்கம் உட்கார்ந்து, சென்னையைப் பற்றி, வேலையைப் பற்றி, என் சென்சாரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். அவர் ம், ம் என்றார். பாட்டுச் சத்தத்தில் பாதிகூட அவருக்குக் கேட்டிருக்காது. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. நான் வாசலில் நின்றேன்.

“என்ன பாப்பா, சரியாயிடுச்சா?”

“பொட்டி சரியாயிடுச்சுண்ணே.”

“அட! அப்ப எனக்கு நஷ்டம்,” என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அப்பா உள்ளேயிருந்து வரவில்லை. குடுத்துடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாளாக வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறோம். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிகிறது. அம்மா பரிமாறும்போது சுற்றிக்கொண்டு வந்து அவருடைய வலப்பக்கம் நின்று, “சோறு போடவா?” என்கிறாள். அவர் தலையைக் குனிந்தபடி சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரி என்ற சொல்லை நேற்று ஒருமுறை எடுத்தேன். “நாத்தங்கால் வேலை இருக்கு,” என்றார். இப்போது நாற்றங்கால் வேலை எதுவும் இல்லை. ஆற்றில் தண்ணீரே இன்னும் திறக்கவில்லை.

இன்று திங்கட்கிழமை. மத்தியானம் திருப்பனந்தாள் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு ரெசிஸ்டர் வாங்கி வந்தேன். மிளகாய் விதை அளவுதான் இருக்கின்றன. ஆம்ப்ளிபயருக்குள் போகிற இடது, வலது தடங்கள் இரண்டையும் நேரடியாக முறுக்கி ஒன்றாக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் ஒரு ரெசிஸ்டர் வழியே கொண்டுவந்து சேர்த்தால், நாயனமும் தவிலும் கலந்து இரண்டும் ஒரே பெட்டியில் வரும். இடம் வலம் என்று பிரிந்து நிற்காது, வீதி திரும்புவதெல்லாம் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தவில் அடுத்த தெருவில் இருக்காது. அந்தப் பெட்டியை அவருடைய வலப்பக்கம், தரையில் செங்கல் அடுக்கி, காது மட்டத்துக்கு வைக்கப்போகிறேன்.

சாயங்காலம் அவர் கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் சால்டரிங்கை முடித்துவிட வேண்டும். மல்லாரி முழுக்க ஓடட்டும். முடிந்ததும், நாளைக் காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு என்னோடு வரச்சொல்லி, மெதுவான குரலில், கத்தாமல் கேட்கப்போகிறேன். ஊருக்கு வேறு காரணம் சொல்லிக்கொள்ளலாம், என் வேலை விஷயமாகப் போகிறோம் என்று. வரமாட்டேன் என்றால் நாளைச் சாயங்காலம் மறுபடியும் போட்டுவிட்டு, மறுபடியும் கேட்பேன்.